ஹாலோவீன் உடை: தலைக்கு உழைப்பு, உடம்புக்கு ஹூடி

நியூஜெர்சிக்கு வந்து எட்டு மாதம் ஆன ஓர் அம்மாவின் கேள்வி இது. அக்டோபர் 31 ஹாலோவீன் அன்று பிள்ளைகள் வேடம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்கப் போவார்களே, அதற்குத்தான். மகளுக்கு 6 வயது, ஆந்தையாக வேண்டுமாம். மகனுக்கு 3 வயது, தீயணைப்பு வண்டியாக வேண்டுமாம். தீயணைப்பு வீரர் இல்லை, வண்டியேதான். கடையில் ஓர் உடை 35, 40 டாலர் சொல்கிறார்கள், தையல் மெஷின் இல்லை, தீபாவளிச் செலவும் பக்கத்திலேயே நிற்கிறது. இரண்டு பேருக்கும் சேர்த்து 25 டாலருக்குள் வீட்டிலேயே முடிக்க வழி உண்டா?

உண்டு. இதே மாநிலத்தில் பதினோரு வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன். முதல் இரண்டு வருடம் பணத்தையும் தூக்கத்தையும் விட்டேன். அதிலிருந்து கற்றதைச் சொல்கிறேன்.

உங்களுக்கு இது புது வேலையே இல்லை. பள்ளி மாறுவேடப் போட்டி ஞாபகம் இருக்கிறதா? பாரதியார் வேடத்துக்கு என்ன வேண்டும்? முண்டாசு, மீசை, ஒரு கறுப்புக் கோட்டு. கீழே வேட்டி கட்டினானா, பள்ளிக்கூட டிரவுசரா என்று ஒருவரும் குனிந்து பார்க்க மாட்டார்கள். முண்டாசையும் மீசையையும் பார்த்ததுமே “பாரதியார்!” என்று கை தட்டிவிடுவார்கள். இங்கேயும் அதே கணக்குதான். பார்க்கிறவர் கண் முதலில் தலைக்குப் போகும். உழைப்பை எல்லாம் தலையில் கொட்டுங்கள். உடம்புக்கு எப்படியும் குளிருக்கு வாங்கப்போகிற ஹூடியும் (தலைத்தொப்பி சேர்ந்த மேல்சட்டை) பேன்ட்டும் போதும்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. மாறுவேடப் போட்டியில் மேடையில் நிற்பது மூன்று நிமிடம். அக்டோபர் 31 என்பது ஒரு முழு நாள். பல பள்ளிகளில் பகலில் ஊர்வலம் இருக்கும், வகுப்பில் விருந்து இருக்கும், பாத்ரூம் போக வேண்டியிருக்கும். சாயங்காலம் தெருத்தெருவாக நடந்து, ஒவ்வொரு வீட்டுப் படியாக ஏறி இறங்க வேண்டும். நம் பக்கத்தில் அன்று சூரியன் மறைவது ஆறு மணிக்குச் சற்று முன்னால். அதற்குப் பிறகு 10 டிகிரி செல்சியஸ் பக்கம் குளிர், சில வருடம் அதற்கும் கீழே. கடையில் 40 டாலருக்கு விற்கிற உடைகளில் பாதி கொசுவலை மாதிரி இருக்கும். அதன்மேல் ஜாக்கெட் போட்டாக வேண்டும். ஜாக்கெட் போட்டால் வேடம் எங்கே தெரியும்? காசு கொடுத்து வாங்கிய சிறகு உள்ளே, கடந்த வருட நீல ஜாக்கெட் வெளியே. இந்தக் காட்சியை ஒவ்வொரு வருடமும் எங்கள் தெருவில் பார்க்கிறேன்.

என் முதல் வருடக் கதையையும் சொல்லிவிடுகிறேன். ‘பேய்தானே, வெள்ளைத் துணியில் இரண்டு ஓட்டை போட்டால் ஆயிற்று’ என்று என் கணவரின் எட்டு முழ வேட்டியை வெட்டினேன். பத்தாவது நிமிடத்தில் கண் ஓட்டை இரண்டும் காதுப் பக்கம் நகர்ந்துவிட்டன. பெண் ஒன்றும் தெரியாமல் படியில் தடுக்கி விழுந்தாள். முட்டியில் சிராய்ப்பு, வேட்டியில் சேறு. துணிப் பேய் செய்கிறவர்களுக்கு ஒரு வழி: பழைய தொப்பி ஒன்றின் முன் விளிம்பை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தைத் துணியின் உள்பக்கம் உச்சியில் தைத்துவிடுங்கள். துணி தலையோடு நிற்கும், ஓட்டை நகராது. இன்னும் நல்லது, முகம் முழுதும் வெளியே தெரிகிற மாதிரி பெரிய வட்டமாகவே வெட்டிவிடுவது. நீளம் கணுக்காலுக்கு மேல் நிற்கட்டும்.

சரி, ஆந்தைக்கு வருவோம்.

பழுப்பு அல்லது சாம்பல் நிற ஹூடி ஒன்று, ஒரு சைஸ் பெரியதாக. பழைய சாமான் விற்கிற த்ரிஃப்ட் ஸ்டோரில் 5, 6 டாலருக்குக் கிடைக்கும். செப்டம்பரிலேயே போய்விடுங்கள், அக்டோபர் நடுவில் நல்ல நிறமெல்லாம் போய்விடும். அங்கேயே போர்வைப் பக்கத்தில் ஒரு பழைய ஃப்ளீஸ் (கம்பளி மாதிரி மெத்தென்ற செயற்கைத் துணி) போர்வை பாருங்கள். நான் ஃப்ளீஸை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம், அதை வெட்டினால் விளிம்பில் நூல் பிரியாது. மடித்துத் தைக்கவே வேண்டாம். தையல் மெஷின் இல்லாதவருக்கு அதைவிட நல்ல துணி கிடையாது. ஃபெல்ட் துணியும் அப்படித்தான், ஆனால் அது விறைப்பு. கண்ணுக்கும் மூக்குக்கும் சரி, இறகுக்குச் சரிவராது.

பெண்ணைக் கையை விரித்து நிற்கச் சொல்லி, ஒரு மணிக்கட்டிலிருந்து மறு மணிக்கட்டு வரை அளந்துகொள்ளுங்கள். அது சிறகின் அகலம். கழுத்தடியிலிருந்து இடுப்பு வரை உயரம். அதற்கும் கீழே இறக்காதீர்கள், காரணம் பின்னால் சொல்கிறேன். போர்வையில் இந்த அளவை இரண்டாக மடித்து, கீழ் ஓரத்தை வளைவாக வெட்டினால் சிறகின் அடித்துணி தயார். மிச்சத்தில் இறகுகள். மூன்று விரல் அகலத்தில், வெற்றிலை வடிவத்தில், எண்பது இறகாவது வேண்டும். போர்வை ஒரே நிறமாக இருந்தால், சின்னதாகிப்போன பழைய ஃப்ளீஸ் ஜாக்கெட்டுகளை வெட்டி இரண்டு மூன்று நிறம் கலந்துகொள்ளுங்கள். டிவி பார்த்துக்கொண்டே இரண்டு மாலையில் வெட்டிவிடலாம். ஆறு வயதுக்காரியை எண்ணி அடுக்கச் சொல்லுங்கள், அவளுக்கும் ‘நான் செய்தேன்’ என்று ஒரு பெருமை.

ஒட்டுவதில் ஒரே ஒரு சூட்சுமம்தான். கூரைக்கு ஓடு வேய்கிற மாதிரி கீழ் வரிசையிலிருந்து தொடங்கி மேலே போக வேண்டும். ஒவ்வொரு இறகுக்கும் மேல் நுனியில் மட்டும் பசை, கீழ் நுனி விட்டு நிற்கட்டும். மேல் வரிசை கீழ் வரிசையின் பசைத் தழும்பை மூடிக்கொண்டே வரும். மேலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு தழும்பும் பல்லிளிக்கும். இதை நான் அனுபவத்தில்தான் கற்றேன், ஐம்பது இறகைப் பிய்த்து மறுபடி ஒட்டி.

பசையை உருக்கி ஒட்டுகிற குளூ கன்னைப் பக்கத்து வீட்டில் கடன் கேளுங்கள், ஏறக்குறைய எல்லோரிடமும் ஒன்று இருக்கும். குறைந்த சூடு, அதிக சூடு என்று இரண்டு வகை உண்டு. குறைந்த சூட்டு வகை 120 டிகிரி செல்சியஸ் பக்கம், மற்றது 190 பக்கம். ஃப்ளீஸுக்கும் ஃபெல்ட்டுக்கும் குறைந்த சூடே போதும், அதிக சூட்டில் ஃப்ளீஸ் சுருங்கிவிடலாம். குறைந்த சூடு என்றாலும் விரலில் பட்டால் கொப்புளம்தான். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த நீர் வைத்துக்கொண்டு உட்காருங்கள். குழந்தைகள் தூங்கிய பிறகு செய்வது நல்லது.

தலை. ஹூடியின் தொப்பிதான் ஆந்தையின் தலை. ஃபெல்ட்டில் ஒவ்வொரு கண்ணுக்கும் மூன்று வட்டம்: சாண் அகலத்தில் பாதிக்கு வெளிர்நிற வட்டம், அதன்மேல் மஞ்சள், நடுவில் கறுப்பு. கறுப்பு வட்டத்தை நட்டநடுவில் ஒட்டாமல் மூக்குப் பக்கம் கொஞ்சம் தள்ளி ஒட்டிப் பாருங்கள், ஆந்தைக்கு உயிர் வந்துவிடும். தொப்பியின் முன் விளிம்பு நடுவில் ஆரஞ்சு முக்கோணம், நெற்றியில் தொங்குகிற மாதிரி. அதுதான் அலகு. மேலே இரண்டு பக்கமும் காது மாதிரி இரண்டு குஞ்சம். முகமூடி தேவையே இல்லை. பல பள்ளிகளில் முகமூடிக்கு அனுமதியும் இல்லை.

இந்தத் தலை வேலைக்கு மட்டும் பசை வேண்டாம், ஊசி நூலால் பெரிய பெரிய நூலோட்டம் போட்டுக்கொள்ளுங்கள். நவம்பரில் நூலை உருவினால் ஹூடி மறுபடி சாதாரண ஹூடி. குளிர்காலம் முழுக்கப் பள்ளிக்குப் போட்டுக்கொண்டு போவாள். அந்த 6 டாலரை வேடக் கணக்கிலேயே எழுத வேண்டாம் என்பது என் கட்சி. சிறகைத் தோளில் இரண்டு இடத்தில் ஊக்கால் குத்தி, மணிக்கட்டுக்கு எலாஸ்டிக் வளையம் வைத்துவிடுங்கள். கழுத்தில் நாடா கட்டுகிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். எங்காவது மாட்டினால் கழுத்தை இறுக்கும். ஊக்கு என்றால் இன்னொரு வசதி, காரில் ஏறும்போது கழற்றிவிடலாம். சிறகோடு கார் சீட்டில் உட்கார வைத்தால் பெல்ட் உடம்போடு ஒட்டாது.

அடுத்து வண்டி. மூன்று வயதுப் பையனின் அப்பா அம்மாவுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிட வேண்டும். நான்காவது வீட்டில் அவன் பெட்டியைக் கழற்றி எறிந்துவிடுவான். மிச்சத் தெரு முழுக்க அந்தத் தீயணைப்பு வண்டியை அவன் அப்பாதான் சுமப்பார். இது நடக்கும் என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள். பெட்டிக்கு உள்ளே அவன் சிவப்புச் சட்டையோடும் ஒரு பிளாஸ்டிக் தீயணைப்புத் தொப்பியோடும் இருக்கட்டும். பெட்டி போனால் வண்டி போய் வீரர் வந்துவிடுவார். அழுகை கிடையாது, மிட்டாயும் நிற்காது.

டயப்பர் பெட்டி சரியான அளவு. பெரிய பெட்டி எடுக்க ஆசை வரும், எடுக்காதீர்கள். ஒன்றரை அடிக்கு மேல் நீளம் போனால் வாசலில் இடிக்கும், மற்ற பிள்ளைகள்மேல் இடிக்கும், அவனுக்குத் தன் கால் தெரியாது. அடிப்பாகத்தை முழுதும் வெட்டி எடுத்துவிடுங்கள், மேலே உடம்பு நுழைய ஓட்டை. முன்பக்கத்துச் சுவரை மட்டும் கீழே நாலு விரல் குறைத்து வெட்டினால் முட்டி இடிக்காமல் படி ஏறுவான். வெட்டின விளிம்பெல்லாம் டேப்பால் மூடுங்கள், அட்டை விளிம்பு தொடையை அறுக்கும். தோள்பட்டைக்கு நைலான் கயிறு வேண்டாம், உங்கள் பழைய துப்பட்டாவை நீளவாக்கில் மடித்து முதுகில் எக்ஸ் மாதிரி குறுக்கே போடுங்கள். தோளிலிருந்து நழுவாது.

சிவப்புக்குப் பெயின்ட் அடித்து ஒரு நாள் காய வைத்துக் கஷ்டப்பட வேண்டாம். சிவப்பு டக்ட் டேப் (கெட்டியான அகல டேப்) அல்லது சாயம் போகாத சிவப்புப் பரிசுத் தாள். தாள் என்றால் மழைத் தூறலில் கரைந்துவிடும், டேப் தாங்கும். சக்கரத்துக்குக் கறுப்பு அட்டை ஒட்டிய காகிதத் தட்டு நான்கு. பக்கவாட்டில் ஏணி, வெள்ளை டேப்பில் கோடு கோடாக இழுத்தால் போதும். முன்னால் விளக்குக்கு, அழுத்தினால் எரிகிற பேட்டரி விளக்கு இரண்டு. டாலர் ட்ரீ என்கிற மலிவு விலைக் கடையில் கிடைக்கும். அந்தக் கடை 2021 கடைசியில் விலையை ஒரு டாலரிலிருந்து ஒன்றேகால் டாலராக ஏற்றிவிட்டது, இப்போது அதற்கு மேலும் சில சாமான்கள் இருக்கின்றன. இருந்தாலும் இந்த மாதிரி உருப்படிகளுக்கு அதுதான் மலிவு. அந்த விளக்கு வெறும் அலங்காரம் இல்லை. இருட்டில் கார் ஓட்டுகிறவருக்குப் பையன் தெரிவான். பழுப்பு ஆந்தைக்கும் சிறகின் பின்பக்கம் ஒளி பிரதிபலிக்கும் டேப்பை இரண்டு வரி ஒட்டிவிடுங்கள். பழுப்பு நிறம் ஏழு மணிக்கு மரத்தோடு மரமாகிவிடும்.

இனி நெருப்பு. சிறகு இடுப்புக்குக் கீழே வேண்டாம் என்றேனே, அதற்குக் காரணம் வாசற்படிப் பூசணிக்காய்தான். உள்ளே குடைந்து முகம் செதுக்கி வைத்திருப்பார்கள். இப்போது பலர் பேட்டரி விளக்கு வைத்தாலும், சில வீடுகளில் நிஜ மெழுகுவர்த்திதான். அது இருப்பது படியில், குழந்தையின் பாவாடை விளிம்பு உரசுகிற உயரத்தில்.

தீபாவளிக்கு நமக்குச் சொல்லிக் கொடுத்தது என்ன? ‘நைலான் போடாதே, பருத்தி போடு.’ இங்கே அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் ஹாலோவீன் உடைக்குச் சொல்வது நேர் எதிர்: நைலான், பாலியஸ்டர் மாதிரி தீயைத் தாக்குப்பிடிக்கிற துணியாகப் பாருங்கள், அல்லது தீ எதிர்ப்பு என்று லேபிள் இருக்கிறதா பாருங்கள் என்கிறது. முதலில் படித்தபோது எனக்கும் குழப்பம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. செயற்கை இழை தீயில் உருகித் தோலில் ஒட்டும், அது நம்மவர்களின் பயம். மெல்லிய பருத்தி சட்டென்று பற்றி மளமளவென்று பரவும், அது இவர்களின் பயம். இரண்டுக்கும் பொதுவான எதிரி தொளதொளவென்று பறக்கிற மெல்லிய துணி. உடம்போடு ஒட்டிய, கெட்டியான உடுப்பு எந்த இழையானாலும் மேல். அதனால்தான் வேட்டிப் பேயை நான் மறுபடி செய்யவே இல்லை. வலைத்துணிப் பாவாடை கேட்கிற குழந்தைக்கு முட்டிவரை மட்டும் செய்து, கீழே கெட்டி லெக்கிங்ஸ் போட்டுவிடுங்கள்.

இந்த ஊர் இதைப் பட்டுத்தான் கற்றது. 1940களில் குழந்தைகளுக்கு விற்ற கௌபாய் வேட உடைகளில், காலில் கட்டுகிற பகுதி பொசுபொசுவென்ற ரேயான் துணியில் இருந்தது. ஒரு பொறி பட்டாலே பற்றிக்கொண்டது, குழந்தைகள் செத்தார்கள். தீப்பற்றும் துணிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1953இல் வந்ததற்கு அந்த உடைகளும் ஒரு காரணம். அதற்கும் முன்னால், 1910, 20களில், மாசச்சூசெட்ஸின் டென்னிசன் கம்பெனி தான் விற்கிற கிரேப் காகிதத்தை (சுருக்கம் சுருக்கமான மெல்லிய வண்ணக் காகிதம்) வைத்து ஹாலோவீன் உடை செய்வது எப்படி என்று சிறு புத்தகங்களே போட்டுக்கொண்டிருந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் காகித உடை! கிரேப் காகிதம் இன்றும் மலிவுதான். சுவருக்குத் தோரணம் கட்டுங்கள், குழந்தைக்குக் கட்டாதீர்கள்.

முகத்துக்கு வருகிறேன். மாறுவேடத்துக்கு மீசை என்றால் நம் கை தானாகக் கண்மை டப்பாவுக்குப் போகும். இங்கே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கண்மை, சுர்மா வகைகளில் ஈயம் இருப்பதாகப் பல வருடமாக எச்சரிக்கிறது, அவற்றை அழகுசாதனப் பொருளாக விற்க அனுமதியே இல்லை. ஊரிலிருந்து வந்த டப்பாவைக் குழந்தை முகத்தில் தீட்ட வேண்டாம், ஐப்ரோ பென்சில் போதும். முகச் சாயம் வாங்கினால் இரண்டு மூன்று நாள் முன்பே முன்கையில் கொஞ்சம் தடவிப் பாருங்கள். அரித்தால் தூக்கிப் போடுங்கள். ஆந்தைக்கு மூக்கு நுனியில் ஒரு பழுப்புப் புள்ளி போதும், உண்மையைச் சொன்னால் அதுகூட வேண்டாம்.

ஹூடியையும் சேர்த்தே கணக்குப் பார்ப்போம். ஹூடி 6, போர்வை 5, ஃபெல்ட் 3, சிவப்பு டேப் 4, விளக்கும் தொப்பியும் 4, ஒளி பிரதிபலிக்கும் டேப் 2. மொத்தம் 24 டாலர். சிவப்புச் சட்டை வீட்டில் இருக்கும் என்று நம்புகிறேன். இல்லையென்றால் அக்கம்பக்கத்தில் சும்மா கொடுத்து வாங்கிக்கொள்கிற குழுக்களில் கேளுங்கள். சில பொது நூலகங்கள் அக்டோபரில் பழைய வேட உடைகளை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்கிற சந்தை நடத்துகின்றன. உங்கள் ஊர் நூலகத்தில் ஒரு வார்த்தை விசாரியுங்கள்.

எல்லாவற்றையும் வீட்டில் செய்துவிடலாம் என்று சொல்ல மாட்டேன். சினிமா சூப்பர் ஹீரோ வேண்டும் என்று குழந்தை கேட்டால் தைக்க உட்காராதீர்கள். அதற்கு அச்சு அசலாக இருக்க வேண்டும், கொஞ்சம் மாறினாலும் வகுப்பில் கேலி. த்ரிஃப்ட் ஸ்டோரில் போன வருடத்துச் சிறுவனின் உடை பத்து டாலருக்குள் கிடைக்கும். விலங்கு, வண்டி, சாப்பாட்டுப் பண்டம் இவைதான் வீட்டு வேலைக்கு வாகானவை. பட்டுப்பாவாடையை எடுத்துப் போட்டு ‘இளவரசி’ என்று அனுப்பிவிடு என்று யாராவது சொல்வார்கள். நானும் ஒரு வருடம் அனுப்பினேன். ‘இது என்ன வேடம்?’ என்று வீட்டுக்கு வீடு கேட்டார்கள். ‘இது வேடம் இல்லை, என் டிரெஸ்’ என்று என் மகள் ஆறு வீட்டில் சொல்லிவிட்டு ஏழாவது வீட்டுக்கு வர மறுத்தாள். அவள் சொன்னதுதான் சரி என்று எனக்குப் பட்டது.

அக்டோபர் 15க்குப் பிறகு வேடம் மாற்றம் கிடையாது என்று இப்போதே சொல்லி வையுங்கள். 28 வாக்கில் ஓர் ஒத்திகை: முழு வேடத்தில் மாடிப்படி ஏறி இறங்க வேண்டும், பாத்ரூம் போக வேண்டும், காரில் உட்கார வேண்டும். எது இடிக்கிறதோ அன்றே வெட்டிவிடலாம்.

ஹாலோவீன் முடிந்த மறுநாள் கடைகளில் அதன் சாமான் பாதி விலைக்கும் கீழே போகும். தொப்பி, வால், பளபளக்கும் டேப் எடுத்து வையுங்கள். அளவுள்ள உடை எதுவும் எடுக்காதீர்கள், அடுத்த அக்டோபரில் குழந்தை எந்த உயரத்தில் இருக்கும், எதற்கு ஆசைப்படும் என்று யாருக்குத் தெரியும். தீயணைப்பு வண்டியை மட்டும் உடனே மறுசுழற்சித் தொட்டியில் போட்டுவிடாதீர்கள். நவம்பர் முழுக்க அது ஹாலில்தான் நிற்கும். போடுகிற நாள் வரும்போது பையன் தூங்குகிறானா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.